கம்பியின்றிக் கட்டளையிட்ட மேதை

தொழிற்கூடங்களிலும் கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் இன்று ஓர் அதிசயத்தைக் காணலாம். பாரந்தூக்கியை இயக்குபவர் அதன் கூண்டிலே இல்லை. இடுப்பில் ஒரு சிறு பெட்டியைக் கட்டிக்கொண்டு, சுமை நன்றாகத் தெரியும் இடமாகப் பார்த்துத் தரையில் நிற்கிறார். விசையைத் தொட்டதும் கொக்கி மேலெழுகிறது. இடையில் கம்பி ஏதும் இல்லை. இதற்கு வித்திட்டவர் நிகோலா டெஸ்லா.

1856 ஜூலை 10 அன்று, இன்று குரோஷியாவில் உள்ள ஸ்மில்யான் என்னும் சிற்றூரில் செர்பியக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை பாதிரியார், மகனும் அப்பணிக்கே வரவேண்டும் என்பது அவர் ஆசை. பள்ளிப்படிப்பு முடிந்த வேளையில் மகன் காலராவில் விழுந்து உயிருக்குப் போராடினான். பிழைத்தெழுந்தால் பொறியியல் படிக்க வைப்பதாகத் தந்தை வாக்களித்தார். பிள்ளை பிழைத்துக்கொண்டான்! (விரும்பிய பாடம் கிடைக்க நம்மில் சிலருக்கும் இப்படியொரு காய்ச்சல் தேவைப்பட்டிருக்கும்.)

1884இல் நியூயார்க் சேர்ந்து, எடிசனிடம் சில காலம் வேலை பார்த்தார். 1888இல் மாறுமின்னோட்ட மோட்டாருக்குக் காப்புரிமை பெற்றார். பாரந்தூக்கிகள் பலவற்றில் சுமையைத் தூக்குவது அவ்வகை மோட்டாரே. 1895 மார்ச்சில் அவருடைய ஆய்வுக்கூடம் தீக்கிரையாயிற்று. பல்லாண்டு உழைப்பு ஓர் இரவில் சாம்பல். ஆனாலும் மூன்றே ஆண்டுகளில் புதியதொரு விந்தையுடன் எழுந்து வந்தார்.

1898இல் மாடிசன் சதுக்க அரங்கின் தொட்டியில் ஒரு சின்னஞ்சிறு படகு மிதந்தது. டெஸ்லா எட்ட நின்று கட்டளையிட, அது திரும்பியது, விளக்குகளை மினுக்கியது. உள்ளே குரங்கு ஒளிந்திருக்கிறதோ என்றுகூடச் சிலர் ஐயுற்றார்களாம். உண்மையில் உள்ளே இருந்தது உலோகத்தூள் அடைத்த ஒரு குழாய். மின்காந்த அலை பட்டதும் தூள் மின்சாரத்தைக் கடத்தும். உடனே மின்கல அடுக்கின் விசை பாய்ந்து சுக்கானைத் திருப்பும். அடுத்த கட்டளைக்குத் தூளைக் கலைத்துவிட வேண்டும். கையாள்வதற்குத் தொல்லையான பொருள்தான்! அலை சுமப்பது கட்டளையை மட்டுமே. வேலை செய்யும் வலிமை எந்திரத்திடமே இருக்கிறது. இன்றைய பாரந்தூக்கியிலும் இதுவே முறை.

ஆனால் யார் அனுப்பிய அலைக்கும் எந்திரம் பணிந்துவிட்டால்? பொம்மைப் படகென்றால் சிரித்துவிடலாம். தலைக்கு மேல் பல டன் இரும்பு தொங்கும்போது சிரிக்க முடியுமா? டெஸ்லா இதையும் எண்ணினார். வெவ்வேறு அதிர்வெண்ணுள்ள இரண்டு அலைகள் சேர்ந்து வந்தாலொழியக் கருவி அசையாத முறைக்கு 1903இல் காப்புரிமை பெற்றார். இன்று ஒவ்வொரு கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் தனிக் குறியீடு உண்டு. அலை அறுந்தால் பாரந்தூக்கி தானே நின்றுவிடும் ஏற்பாடு பின்னால் வந்தவர்கள் சேர்த்த காப்பு.

இத்தகைய கருவிகள் போரையே ஒழித்துவிடும் என்று டெஸ்லா நம்பினார். அங்கேதான் அவர் கணக்குத் தவறியது என்பேன். படகை அமெரிக்க அரசுக்கு அளிக்க முன்வந்தபோது ஏற்பார் இல்லை. 1898இல் பெற்ற காப்புரிமை பதினேழு ஆண்டுகளில் காலாவதியானது. 1943 ஜனவரி 7 அன்று, நியூயார்க் விடுதி ஒன்றின் 33ஆம் மாடி அறையில், 86ஆம் வயதில், தனியராகவே அவர் இறந்தார்.