கொடுமுடிக் கோகிலம்

தைப்பூசம் வந்து விட்டால் போதும். திருப்பூரிலிருந்தும் அவிநாசியிலிருந்தும் காவடி எடுத்த கூட்டம் தாராபுரம் சாலையில் பழனியை நோக்கி நடக்கத் தொடங்கி விடும். வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல். பந்தலுக்குப் பந்தல் ஒலிபெருக்கி.

அந்த ஒலிபெருக்கிகளிலிருந்து ஒரு பெண்ணின் குரல் எழும். குழைந்து கெஞ்சுகிற குரல் அல்ல. முருகனை நேரே நிறுத்தி வைத்து, உரிமையோடு அழைக்கிற கம்பீரமான குரல். கால் கடுத்தவர்கள் கூட அதைக் கேட்டதும் எழுந்து நடக்கிறார்கள்.

அந்தக் குரலுக்கு உரியவர் மறைந்தது 1980ஆம் ஆண்டில். ஆனால் குரல் மறையவில்லை.

அவர்தான் கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள். சுருக்கமாக, கே.பி.எஸ்.

ஆற்றங்கரைச் சிறுமி

திருப்பூரின் நடுவே ஓடும் நொய்யல் ஆறு, கிழக்கே சென்று காவிரியில் கலக்கிறது. கலக்கும் இடத்திலிருந்து கொஞ்ச தூரம் மேலே போனால் கொடுமுடி. தெற்கு நோக்கி வரும் காவிரி கிழக்கே திரும்பும் இடம் அது. கரையிலே மகுடேசுவரர் கோவில். பக்கத்திலேயே ஈரோடு–திருச்சி ரயில் பாதை.

இந்த ஊரில் 1908ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சுந்தராம்பாள் பிறந்தார். அப்போது அது கோயமுத்தூர் ஜில்லா. இன்று ஈரோடு மாவட்டம்.

சிறு வயதிலேயே தகப்பனார் காலமாகி விட்டார். தாயார் பாலாம்பாள், பிள்ளைகளை வைத்துக் கொண்டு தவித்தார். வீட்டிலே அடுப்பு எரியாத நாட்கள் பல. ஒருநாள் மனம் வெறுத்துப் போய், பிள்ளைகளோடு காவிரியில் விழுந்து உயிரை விட்டு விடுவது என்று அந்தத் தாய் ஆற்றங்கரைக்கே போய் விட்டாராம். பிள்ளைகளின் அழுகை அவரைத் திருப்பி அழைத்து வந்தது.

அன்று அந்தத் தாய் திரும்பியிராவிட்டால், தமிழ்நாடு ஒரு பெரும் பாடகியைக் கண்டிருக்காது.

சிறுமி சுந்தராம்பாளுக்குப் பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. சொத்து இல்லை. இருந்தது குரல் ஒன்றுதான். ரயிலில் பாடிய அந்தச் சிறுமியின் குரலைக் கேட்டு வியந்தவர்கள், அவரை நாடகத்துக்கு அழைத்துப் போனார்கள் என்பது ஊர் அறிந்த கதை.

பசிக்குப் பாட்டு

அவருக்கு முதலில் கிடைத்தவை சிறுவர் வேஷங்கள். நல்லதங்காள் நாடகத்தில் மூத்த பிள்ளையாக வந்து, பசி தாங்காமல் தாயிடம் அழுது பாட வேண்டும்.

பசி என்றால் என்ன என்று அந்தக் குழந்தைக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பாட்டு எழுந்தது. கொட்டகை முழுவதும் கண்ணீர் விட்டது.

பிள்ளைகளோடு உயிரை விடத் துணிந்த தாயின் கதை நல்லதங்காள் கதை. அந்த நாடகத்தில் சுந்தராம்பாள் நடித்தார் என்றால், அது அவருக்கு நடிப்பாகவா இருந்திருக்கும்?

பிறகு வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். கம்பெனிகள் அப்போது கப்பலேறி இலங்கைக்குப் போகும். 1917ஆம் ஆண்டிலேயே கொழும்பு மேடையில் அவர் பாடினார். அப்போது அவருக்கு வயது 9.

அந்தக் காலத்து மேடையை இன்றைய பிள்ளைகள் நினைத்துப் பார்ப்பது கடினம். மைக் கிடையாது. இரவு பத்து மணிக்குத் தொடங்கும் நாடகம் விடிய விடிய நடக்கும். ஆர்மோனியக்காரர் மேடைக்கு அருகே அமர்ந்து உச்ச சுருதியில் வாசிப்பார். கடைசி வரிசையில் மண்தரையில் உட்கார்ந்திருக்கும் உழவனுக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் விசில் பறக்கும்.

அப்படிப்பட்ட மேடையில் தேறியது சுந்தராம்பாளின் குரல். உரக்கப் பாடினாலும் உடையாது. மேலே எவ்வளவு போனாலும் சொல் சிதையாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அவர் பாட்டின் பொருளை அறிந்து கொண்டதற்குக் காரணம் அந்தச் சொல் சுத்தம்தான்.

இரண்டு சிங்கங்கள்

அதே காலத்தில் இன்னொரு குரல் தமிழ்நாட்டை ஆட்டி வைத்தது. அது செங்கோட்டை கிட்டப்பாவின் குரல். கன்னையா கம்பெனியில் நடித்துப் பேர் வாங்கியவர். சுந்தராம்பாளை விட இரண்டு வயது மூத்தவர்.

1926ஆம் ஆண்டு கொழும்பில் இருவரும் ஒரே மேடையில் தோன்றினார்கள். வள்ளி திருமணம் நாடகம். அவர் வேலன், இவர் வள்ளி. யார் யாரை வெல்லப் போகிறார்கள் என்று பார்க்க ஜனங்கள் திரண்டார்கள்.

ஒருவர் ஒரு படி ஏறினால், மற்றவர் இரண்டு படி ஏறினார். போட்டி பார்க்க வந்தவர்கள் போட்டியை மறந்தார்கள். யாரும் தோற்கவில்லை. இருவரும் மனதைத்தான் பறிகொடுத்தார்கள்.

1927ஆம் ஆண்டு திருமணம் நடந்தது. கிட்டப்பாவுக்கு ஏற்கனவே ஒரு மனைவி உண்டு. ஜாதியும் வேறு. ஊர் பலவிதமாகப் பேசியது. சுந்தராம்பாள் அதைப் பொருட்படுத்தவில்லை.

மேடையிலே வெற்றி மேல் வெற்றி. வீட்டிலே வேறு கதை. பிறந்த குழந்தை சில நாட்களில் இறந்தது. கணவன் மனைவிக்குள் மனத்தாங்கல் வளர்ந்தது. கிட்டப்பாவின் உடலைக் குடி கெடுத்தது. சுந்தராம்பாள் கொடுமுடியிலிருந்து அவருக்கு எழுதிய கடிதங்களில் அன்பும் கோபமும் ஏக்கமும் ஒன்றாகக் கலந்திருந்தன.

1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி கிட்டப்பா காலமானார். அவருக்கு வயது 27.

சுந்தராம்பாளுக்கு வயது 25.

வெள்ளைப் புடவை

அன்றோடு பட்டும் நகையும் போயின. வெள்ளைக் கதர்ப் புடவை, நெற்றி நிறைய திருநீறு, கழுத்தில் உருத்திராட்சம். இதுவே அவர் கோலம் ஆயிற்று. இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி எடுத்தார். கடைசி வரை அதை மீறவில்லை.

வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார். பாட்டு நின்று விட்டது. தமிழ்நாடு அவரை இழந்து விட்டது என்றே எல்லோரும் எண்ணினார்கள்.

அவரை வெளியே கொண்டு வந்தது தேசத் தொண்டு. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி அவரைக் கூட்டங்களில் பாடும்படி வற்புறுத்தினார். தமக்காக அழுவதை விட்டு, நாட்டுக்காகப் பாடலாம் என்ற எண்ணம் சுந்தராம்பாளுக்கு வந்தது.

கதர் அப்போது கொங்கு நாட்டின் உயிராக இருந்தது. திருப்பூர் கதர் உற்பத்திக்குப் பேர் பெற்ற ஊர். கொடி காத்த குமரன் அடிபட்டு 1932ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் தேதி உயிர் துறந்த ஊரும் அதுவே. அந்தச் சூட்டில் இருந்த ஜனங்களின் முன்னே, கதர் உடுத்த ஒரு பெண் மேடையேறி தேசபக்திப் பாட்டுப் பாடினால் எப்படி இருக்கும்! தலைவர்கள் பேச வருவதற்கு முன்பே மைதானம் நிறைந்து விடும்.

கொடுமுடி வழியே சென்ற காந்தியடிகள் சுந்தராம்பாள் வீட்டுக்கு வந்தார் என்றும், தங்கத் தட்டில் உணவு படைக்கப்பட்டது என்றும் சொல்வார்கள். உணவு சரி, தட்டு எனக்கு இல்லையா என்று மகாத்மா வேடிக்கையாகக் கேட்க, அம்மையார் உடனே தட்டையும் கொடுத்து விட்டாராம். அது ஏலத்தில் விடப்பட்டு, பணம் பொது நிதிக்குப் போயிற்று.

தட்டுக்குள் அடங்கிய பாட்டு

மேடையும் மைதானமும் போய்ச் சேராத இடங்களுக்கு அவர் குரலைக் கொண்டு சென்றது கிராமபோன்.

இசைத்தட்டு அரக்கால் செய்தது. கீழே விழுந்தால் உடைந்து போகும். நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும். பெட்டியின் பக்கத்திலுள்ள கைப்பிடியைச் சுற்றிச் சாவி கொடுக்க வேண்டும். தேய்ந்த ஊசியை மாற்ற வேண்டும். ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிஷம்தான் பாட்டு.

மேடையில் ஒரே பாட்டை ரசிகர்கள் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். சுந்தராம்பாளும் ராகத்தை இழுத்து, விருத்தத்தை வளர்த்து, நேரம் போவது தெரியாமல் பாடுவார். அதையெல்லாம் மூன்று நிமிஷத்தில் அடக்குவது லேசான காரியமா?

அடக்கினார். தேவையில்லாத சங்கதிகளை விட்டார். முதல் சொல்லிலேயே கேட்பவரைப் பிடித்து நிறுத்தினார். கடைசிச் சொல் முடியும் போது ஊசியும் தட்டின் நடுவுக்கு வந்து விடும். நாடகப் பாட்டுகள், முருகன் பாட்டுகள், காந்தியைப் பற்றிய பாட்டு, கிட்டப்பாவை இழந்த துயரம் ததும்பும் பாட்டு என்று எத்தனையோ தட்டுகள் வெளிவந்தன.

அந்த நாளில் ஊருக்கு ஒரு வீட்டில் பெட்டி இருந்தாலே அதிசயம். சாயங்காலம் திண்ணையில் பெட்டியை வைத்தால் தெருவே கூடும். நாடகக் கொட்டகைக்குப் போக அனுமதி இல்லாத பெண்களும் வாசல் நிலையில் நின்று கேட்பார்கள். அப்படித்தான் நாடகப் பாட்டு அடுக்களைக்குள் நுழைந்தது. ஆட்டுக்கல்லைச் சுற்றும் போதும், ராட்டையில் நூல் நூற்கும் போதும் பெண்கள் அதை முணுமுணுத்தார்கள்.

லட்ச ரூபாய் நந்தனார்

சினிமா அவரைத் தேடி வந்தது. வேண்டாம் என்றார். தயாரிப்பாளர் அசன்தாஸ் விடவில்லை. அவரைத் தட்டிக் கழிப்பதற்காகவே ஒரு லட்சம் ரூபாய் வேண்டும் என்று கேட்டாராம். தயாரிப்பாளர் சரி என்று சொல்லி விட்டார்!

அப்போது ஒரு பவுன் 25 ரூபாய்க்குள். கணக்குப் பார்த்தால் 4,000 பவுனுக்குச் சமமான பணம். 1935ஆம் ஆண்டில் ஒரு பெண் அவ்வளவு பணம் வாங்கியது நாட்டையே பேச வைத்தது.

ஆணுக்கு ஜோடியாக நடிப்பதில்லை என்ற உறுதி என்ன ஆயிற்று? அதற்கும் வழி இருந்தது. அவர் நடித்தது நந்தனார் வேஷத்தில். பெண்ணே ஆண் வேடம் பூண்டார். அவருக்கு எதிரே வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதய்யர்.

1940இல் மணிமேகலை. அதுவும் துறவறம் பூண்ட பெண்ணின் கதை. 1953இல் ஜெமினி வாசன் தயாரித்த ஔவையார். கோலூன்றி, வெண்ணீறு பூசி, ஊர் ஊராய்ப் போய்த் தமிழ் சொன்ன பாட்டியாக அவர் வந்து நின்றார். ஔவையார் எப்படி இருந்தார் என்று இன்றைக்குக் கேட்டாலும், பெரியவர்கள் கண்முன் வருவது சுந்தராம்பாளின் முகம்தான்.

1964இல் பூம்புகார் படத்தில் கவுந்தி அடிகள். 1965இல் திருவிளையாடல் படத்தில் மீண்டும் ஔவையார். கோபித்துக் கொண்டு மலையேறிய முருகனை அவர் பாடி அழைத்த காட்சியில், கொட்டகைகளில் கற்பூரம் ஏற்றியவர்கள் உண்டு.

கவனித்துப் பாருங்கள். நந்தனார், மணிமேகலை, ஔவையார், கவுந்தி அடிகள். எல்லோரும் பற்றை விட்டவர்கள். தாம் எடுத்த உறுதிக்கு ஏற்ற வேஷங்களையே அவர் ஏற்றார். உறுதிக்காகப் பாட்டை விடவில்லை. பாட்டுக்காக உறுதியையும் விடவில்லை.

தேடி வந்த பெருமை

சென்னை சட்ட மேலவையில் உறுப்பினராக அமர்ந்தார். சினிமாவிலிருந்து இந்தியச் சட்டசபைகளுக்குள் நுழைந்தவர்களில் முதல்வர் என்று அவரைச் சொல்வார்கள். ஒரு காலத்தில் நாடகக்காரிக்கு வாடகைக்கு வீடு கொடுக்கவே தயங்கிய சமூகம், அவரைச் சட்டம் செய்யும் சபைக்கு அனுப்பி வைத்தது.

தமிழ் இசைச் சங்கம் 1966இல் இசைப் பேரறிஞர் பட்டம் வழங்கியது. கோவைக்காரரான சாண்டோ சின்னப்பா தேவர் எடுத்த துணைவன் படத்தில் பாடியதற்காக, 1969ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகி என்ற தேசிய விருது கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 60ஐத் தாண்டி விட்டது. இளம் பாடகிகள் நிறைந்திருந்த காலத்தில், கிழவி வேஷம் போட்ட குரல் முதல் பரிசைத் தட்டிச் சென்றது! 1970இல் பத்மஸ்ரீ பட்டமும் வந்தது.

பேரும் பணமும் வந்த பிறகும் அவர் கொடுமுடியை மறக்கவில்லை. தமது ஊரில் ஒரு சினிமாக் கொட்டகை கட்டினார். ஒரு காலத்தில் பசியோடு நின்ற ஊரில், அவர் பேரைச் சொல்லும் கட்டடம் எழுந்து நின்றது.

1980ஆம் ஆண்டு, 72ஆம் வயதை ஒட்டி, அவர் காலமானார்.

இன்றும் திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிகளில் இரவு ஷிப்ட் முடிந்து பெண்கள் வீடு திரும்புகிறார்கள். அதிகாலையில் மாரியம்மன் கோவில் ஒலிபெருக்கியில் அந்தக் குரல் கேட்கிறது. அது ஒரு தாயின் பசியையும், ஓர் இளம் விதவையின் துயரத்தையும் தாண்டி வந்த குரல் என்பது கேட்பவர்களில் பலருக்குத் தெரியாது.

தெரிந்தவர்கள், ஒரு நிமிஷம் நின்று கேட்டு விட்டுத்தான் நடக்கிறார்கள்.