எஞ்சினைப் பின்னால் தள்ளிய பண்ணைக்காரர்: ஜிம் கிளார்க்

மோட்டார் பந்தய வரலாற்றில் மிகச் சிறந்த ஓட்டுநர் யார் என்ற வாக்குவாதம் இலகுவில் முடிவதில்லை. என்னைக் கேட்டால் ஜிம் கிளார்க் என்பேன். வென்ற கிண்ணங்களின் எண்ணிக்கைக்காக அல்ல. அந்நிய நாடொன்றில், அரை நூற்றாண்டு பழைமையான பந்தயம் ஒன்றின் பழக்கத்தையே மாற்றியவர் என்பதற்காக.

1936 மார்ச் 4ஆம் திகதி ஸ்கொட்லாந்தில் பிறந்தவர் கிளார்க். நான்கு அக்காமாருக்குப் பின் வந்த ஒரே ஆண்பிள்ளை. பண்ணையை அவர் பொறுப்பேற்க வேண்டும் என்பதுதான் வீட்டாரின் எண்ணம். கார்ப் பந்தயத்தைப் பெற்றோர் விரும்பவில்லை. கூச்ச சுபாவமுள்ள அந்த இளைஞர் 1960இல் கொலின் சப்மனின் லோட்டஸ் அணியில் சேர்ந்தார். 1963இலும் 1965இலும் போர்மியூலா 1 உலகச் சம்பியனானார்.

ஆனால் என்னை ஈர்ப்பது அவருடைய இந்தியானாபொலிஸ் கதை. 1911இல் தொடங்கிய அந்த அமெரிக்கப் பந்தயத்தில் நான்கு கிலோமீற்றர் ஓடுபாதையை 200 தடவை சுற்ற வேண்டும். மொத்தம் 500 மைல். 1960களின் தொடக்கத்தில் அங்கே ஆட்சி செய்தவை, முன்னால் ஒபன்ஹவுசர் எஞ்சின் பூட்டிய கனத்த கார்கள். 1961இல் ஜக் பிரபம் பின்னால் எஞ்சின் வைத்த சிறிய கூப்பர் காருடன் வந்து ஒன்பதாம் இடம் பிடித்தார். அதன் பொருளை உடனே உணர்ந்தவர் அமெரிக்க ஓட்டுநர் டான் கேர்னி. அவர் அடுத்த ஆண்டு சப்மனை அங்கே அழைத்துவந்து காட்டினார். ஃபோர்ட் நிறுவனம் எஞ்சின் தர முன்வந்தது.

எஞ்சின் பின்னால் போனால் என்ன இலாபம்? முன்னிருந்து பின் சில்லுகளுக்கு நீண்ட தண்டு தேவையில்லை. ஓட்டுநர் படுத்த நிலையில் தாழ்வாக அமரலாம். கார் ஒடுங்கி, எடை குறையும். எடை குறைந்தால் டயர் தேய்வதும் எரிபொருள் செலவும் குறையும். 1963இல் கிளார்க் ஒரேயொரு தரிப்புடன் பந்தயத்தை முடித்தார். ஆனாலும் இரண்டாம் இடம்தான். வென்ற பார்னெலி ஜோன்ஸின் காரிலிருந்து ஒயில் ஒழுகியது. அதிகாரிகள் அவரை நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. கிளார்க் அதைப் பெரிய சண்டையாக்கவில்லை.

1964இல் முதலிடத்தில் தொடங்கியும், டயர் சிதைந்து, பின் தொங்கலமைப்பு உடைந்து வெளியேறினார். அதே பந்தயத்தின் தொடக்கச் சுற்றுகளில் நடந்த தீவிபத்தில் டேவ் மக்டொனல்ட், எடி சக்ஸ் ஆகிய இருவரும் மாண்டனர். இரண்டு கார்களிலும் பெற்றோல் இருந்தது. இரண்டுமே பின்னால் எஞ்சின் வைத்தவை. புதிய வடிவத்தைப் புகழ்கிறவர்கள் இந்த விலையைச் சொல்லாமல் கடந்துவிடக்கூடாது. அதன் பிறகு எரிபொருள் விதிகள் இறுகின; அணிகள் மெதனோலுக்கு மாறின.

1965இல் மொனாக்கோ போட்டியைக் கைவிட்டு மீண்டும் இந்தியானாபொலிஸ் வந்தார். லோட்டஸ் 38 என்ற அந்தக் காரில் தனியான சட்டகம் இல்லை. அலுமினியத் தகட்டு உடலே சட்டகமாக எடையைத் தாங்கியது. வளைவுகள் எல்லாம் இடப்பக்கம் என்பதால் உடலையும் சற்று இடப்பக்கம் தள்ளி அமைத்திருந்தார்கள். தரிப்பு வேலைக்கு அமெரிக்காவின் வூட் சகோதரர்கள் வந்தார்கள். இரண்டு தரிப்புகளும் சேர்ந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. 200 சுற்றுகளில் 190இல் கிளார்க்கே முன்னணி. சராசரி வேகம் மணிக்கு 150 மைலைத் தாண்டியது. பின்னால் எஞ்சின் வைத்த கார் ஒன்று அங்கே வென்றது அதுவே முதல் தடவை. அடுத்த ஆண்டு தொடங்கிய 33 கார்களில் ஒன்றில்தான் எஞ்சின் முன்னால் இருந்தது.

ஒரே ஆண்டில் இந்தியானாபொலிஸையும் போர்மியூலா 1 பட்டத்தையும் வென்றவர் இன்றுவரை அவர் ஒருவரே.

1968 ஏப்ரல் 7ஆம் திகதி, ஜேர்மனியின் ஹொக்கன்ஹைமில் நடந்த சாதாரண போர்மியூலா 2 போட்டியில் அவருடைய கார் பாதையை விட்டு விலகி மரங்களில் மோதியது. அந்த இடத்தில் தடுப்பு வேலி இல்லை. பின் டயரில் காற்று இறங்கியதே காரணம் என்பது பரவலான கருத்து. அப்போது அவருக்கு வயது 32. ஸ்கொட்லாந்தின் சேர்ன்சைட் கிராமத்தில் உள்ள கல்லறையில் அவருடைய தொழிலாக முதலில் பொறிக்கப்பட்டிருப்பது விவசாயி என்பது. உலகச் சம்பியன் என்பது அதற்குக் கீழே வருகிறது.