நான்காம் வகுப்பு வரை படித்த கலைவாணர்

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி தோவாளைப் பக்கத்திலிருந்து வருகிறாள். விடியும் முன்னரே எழுந்து, பூ வியாபாரி ஒருவருடைய வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பிச்சிப்பூ கட்டிக் கொடுத்துவிட்டு, ஏழு மணிக்கு வீடு திரும்பிக் குளித்துப் பள்ளிக்கு வருவது அவளுடைய வழக்கம். கட்டிய முழத்திற்குத்தான் கூலி. அந்தக் கூலியில்தான் அவளுக்கும் அவள் தம்பிக்கும் நோட்டுப் புத்தகம் வாங்குவார்கள். சென்ற ஆண்டு ஆவணி முகூர்த்தங்களும் ஓணமும் அடுத்தடுத்து வந்தபோது பேசிய பேச்சு மாறிற்று. இரவு இரண்டு மணிக்கே வந்துவிட வேண்டும், எட்டரை மணி வரை இருக்க வேண்டும், முடியாதென்றால் இனி வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காலாண்டுத் தேர்வுக்குச் சில வாரங்களே இருந்தன. அவள் இரண்டாம் பாடவேளையில் மேசையில் தலை சாய்த்து உறங்குவதை நாங்கள் எல்லாருமே பார்த்தோம். எவரும் கேட்கவில்லை. எங்கள் தமிழாசிரியை ஒருவர்தாம் கேட்டார்.

அன்று பாடம் நடக்கவில்லை. அதற்குப் பதிலாக, நாகர்கோவில் மணிமேடைச் சந்திப்பில் நாம் நாள்தோறும் பேருந்திலிருந்து பார்த்துக்கொண்டு போகும் சிலைக்குரியவரின் இளமைக் காலத்தை ஆசிரியை சொல்லத் தொடங்கினார். அன்று கேட்டதையும், அதன்பின் நூலகத்திலும் வீட்டுப் பெரியவர்களிடமும் தேடிச் சேர்த்ததையும் இங்கே எழுதுகின்றோம். தோழியின் சம்மதத்துடன்தான் அவளைப் பற்றியும் எழுதுகின்றோம். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் அவர்கள் 1908-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள், நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்தார். தந்தையார் சுடலைமுத்துப் பிள்ளை, தாயார் இசக்கியம்மாள். பழையாற்றங்கரையில் உள்ள அவ்வூர் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. வீட்டிலே ஏழு பிள்ளைகள், கிருஷ்ணன் மூன்றாவது. சுற்றிலும் வயலும் வாழையும் தென்னையுமாய் நாஞ்சில் நாடு செழித்துக் கிடந்தாலும், நிலமில்லாதவன் வீட்டுப் பானையில் அந்தச் செழிப்பு வந்து விழுந்துவிடாது. நான்காம் வகுப்போடு சிறுவன் கிருஷ்ணனின் படிப்பு நின்றுபோயிற்று.

அதற்குப் பிறகு அவனுடைய ஒரு நாள் எப்படி இருந்தது தெரியுமா? காலையில் டென்னிஸ் திடலிலே பந்து பொறுக்கிப் போடும் வேலை. பகலில் பலசரக்குக் கடையில் எடுபிடி வேலை. மாலையில் நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்கும் வேலை. ஒரே நாளில் மூன்று முதலாளிகள்! இம்மூன்றையும் எழுதிப் பார்த்தபோது எங்களுக்கு ஒன்று புலப்பட்டது. ஒரு சிறுவனின் காலையை ஒருவரும், பகலை ஒருவரும், மாலையை ஒருவரும் எடுத்துக்கொண்டால், பள்ளிக்கூடத்திற்கென்று மீதி எதுவும் இல்லை. படிப்பைப் பறித்தவர் யார் என்று கேட்டால் மூவரில் ஒருவரும் தாம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். ஒவ்வொருவரும் சிறிது நேரந்தானே கேட்டார்! அந்தச் சிறுவனிடம் எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் ஏதும் இருந்திருக்காது என்பதும் எங்கள் எண்ணம். ஆட்டம் நீண்டால் பந்து பொறுக்குகிறவன் நிற்கவேண்டியதுதான். சந்தை நாளென்றால் கடைப்பையன் வீட்டுக்குப் போகும் நேரம் கடைக்காரர் சொல்லும் நேரந்தான்.

மூன்று வேலைகளில் மூன்றாவது மட்டும் அவனுக்கு வேறொன்றையும் கொடுத்தது. முறுக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் போகிறவனுக்குச் சீட்டுக் கிடையாது. ஒவ்வோர் இரவும் பாட்டும் வசனமும் காதில் விழுந்தன. விற்பனை எப்படிப் போயிற்றோ தெரியாது, பையனின் மனம் மேடையிலேயே போய் நின்றுவிட்டது. நம் பகுதிக் கோயில் கொடைகளிலே வில்லுப்பாட்டைக் கேட்டு வளர்ந்த காதுதானே! மகனுடைய நாட்டத்தைக் கண்ட தந்தையார், தாமே அவனை அழைத்துப்போய் நாடகக் கம்பெனியில் சேர்த்துவிட்டார்.

அக்காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய கம்பெனியைப் போலச் சிறுவர்களைக் கொண்டே முழு நாடகமும் நடத்திய கம்பெனிகள் பல இருந்தன. ராஜாவும் சிறுவனே, ராணியும் சிறுவனே. சோறும் படுக்க இடமும் கம்பெனியின் பொறுப்பு. வாத்தியார் பாட்டும் வசனமும் சொல்லிக் கொடுப்பார். நூற்றுக்கணக்கான பாடல்களை நெட்டுருப் போடவேண்டும். பள்ளிக்கூடம் இல்லாத பிள்ளைகளுக்கு அதுவே ஒருவகைப் பள்ளிக்கூடம். ஆனால் அங்கேயும் ஒரு நாள் பேச்சு மாறும். தொண்டை உடைந்து குரல் கட்டிப்போனால், நேற்று வரை ராணியாய்ப் பாடிய பையனுக்கு இன்று வேடமில்லை. கைத்தட்டல் வாங்கிய எத்தனையோ சிறுவர்கள் படிப்பும் இல்லாமல் தொழிலும் இல்லாமல் ஊர் திரும்பினார்கள். கிருஷ்ணன் அவர்களுக்கு அந்த ஆபத்து வரவில்லை. அவருடைய முதல் குரலிலேயே அல்ல, முகத்திலும் சமயோசிதத்திலும் அல்லவா இருந்தது! 1925-இல் டி.கே.எஸ். சகோதரர்கள் திருவனந்தபுரத்தில் தொடங்கிய பால சண்முகானந்த சபாவில் அவர் சேர்ந்து, நகைச்சுவை நடிகராக வளர்ந்தார்.

பேசும் படம் வந்தபோது நாடகமேடை நடிகர்கள் பலரும் அங்கே போனார்கள். 1935-இல் மேனகா, 1936-இல் சதிலீலாவதி ஆகிய படங்களில் கிருஷ்ணன் அவர்கள் நடித்தார். தமக்கு வேண்டிய நகைச்சுவைப் பகுதியைத் தாமே எழுதிக்கொண்டார் என்பது எங்களுக்கு வியப்பாக இருந்தது. நான்கு வகுப்புப் படித்தவர் எழுதுகிறார், பட்டம் பெற்றவர்கள் அதைப் படமாக்குகிறார்கள்! வசந்தசேனா என்னும் படத்திற்காகப் புனா நகருக்குப் போனபோதுதான் நடிகை டி.ஏ.மதுரத்தைச் சந்தித்தார். அந்தப் பயணத்தில் தயாரிப்பாளரிடமிருந்து பணம் வராமற்போகவே, மதுரம் அம்மையாரிடம் இருந்த பணத்தைக் கேட்டு வாங்கிக் குழுவினர் அனைவருக்கும் சாப்பாடு போட்டார் என்று சொல்வார்கள். முதலாளி சொன்ன சொல் தவறினால் முதலில் காய்வது வேலை செய்கிறவனின் வயிறு என்பதைச் சிறுவயதிலேயே கற்றவர் அவர். பின்னர் இருவரும் திருமணம் செய்துகொண்டு இணைந்து நடித்தார்கள். ஒழுகினசேரியில் கட்டிய வீட்டிற்கு மதுர பவனம் என்று மனைவியின் பெயரையே வைத்தார்.

1944-ஆம் ஆண்டின் இறுதியில், இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதருடன் அவரும் கைது செய்யப்பட்டார். தண்டனையும் விதிக்கப்பட்டது. இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற பிறகு, மறு விசாரணையில் 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை ஆனார்கள். அவர் சிறையில் இருந்த காலத்தில் நாடகக் குழுவைக் கலைத்துவிடாமல் நடத்தியவர் மதுரம் அம்மையார். துணை நின்றவர் எஸ்.வி.சகஸ்ரநாமம். குழுவை நம்பியிருந்தவர்களின் அடுப்பு அணையவில்லை. இதை ஏனோ பலரும் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அதே ஆண்டில், பம்மல் சம்பந்த முதலியார் அவருக்குக் கலைவாணர் என்னும் பட்டத்தைச் சூட்டினார்.

இனி, எங்கள் ஆசிரியை அன்று முக்கியமாகச் சொல்லவந்த பகுதி. 1949-இல் நல்லதம்பி என்றொரு படம் வந்தது. கதை வசனம் அறிஞர் அண்ணா. அதிலே கலைவாணர் கிந்தனார் காலட்சேபம் என்று ஒன்றை நடத்துகிறார். உடுமலை நாராயணகவி எழுதியது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தை நாம் அறிவோம். சிதம்பரம் போக நந்தன் விடை கேட்கிறான். பண்ணையார் என்ன செய்கிறார்? நாற்பது வேலி நிலத்தையும் உழுது விதைத்து அறுத்து முடித்துவிட்டுப் போகச் சொல்கிறார். நடக்கமுடியாத ஒன்றை நிபந்தனையாக வைத்துவிட்டால், போகக்கூடாது என்று வாயால் சொல்லவேண்டிய அவசியமே இல்லை அல்லவா? நந்தனுக்கு இறைவன் துணை வந்தார். ஓரிரவில் பயிர் விளைந்தது.

கலைவாணரின் கிந்தன் சிதம்பரம் போகவேண்டும் என்று கேட்கவில்லை. படிக்கவேண்டும் என்று கேட்கிறான். தாழ்த்தப்பட்ட குலத்துச் சிறுவன் அவன். ஊரிலே இடம் கிடைக்காமல் இரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து, அதிகாரியாகத் திரும்பி வருகிறான். பாகவதரைப்போல் அமர்ந்து, பின்பாட்டும் மிருதங்கமும் சூழ, சிரிக்கச் சிரிக்கக் கலைவாணர் அந்தக் கதையைச் சொல்லும்போது, பந்து பொறுக்கிக்கொண்டும் பலசரக்குக் கட்டிக்கொண்டும் திரிந்த ஒழுகினசேரிச் சிறுவன் எங்கள் கண்முன் வந்து நின்றான். கிந்தனுக்குக் கிடைத்தது கிருஷ்ணனுக்குக் கிடைக்கவில்லை. அவர் அதைக் கசப்பாகச் சொல்லாமல் பாட்டாகச் சொல்லியிருக்கிறார்.

படத்திற்கு வெளியேயும் அவர் செய்தவை பல. காந்தியடிகளின் நினைவாக நாகர்கோவில் நகராட்சிப் பூங்காவில் தம் சொந்தச் செலவில் தூண் எழுப்பினார். வில்லுப்பாட்டைப் பட்டணத்து மேடைகளுக்குக் கொண்டுபோனார். பின்னாளில் புகழ்பெற்ற சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்துச் சென்றவரும் அவரே. 1951-இல் சோவியத் நாட்டிற்குச் சென்ற திரைப்படக் குழுவில் இடம்பெற்றார். மணமகள், பணம் ஆகிய படங்களை இயக்கினார். சம்பாதித்ததைக் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார். கடைசிக் காலத்தில் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. கொடையைப் புகழ்கிறவர்கள் மதுரம் அம்மையாரின் பாட்டையும் நினைக்கலாம் என்று எங்களில் சிலருக்குத் தோன்றுகிறது.

1956 நவம்பர் 1-இல் நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்ததைக் கண்ட கலைவாணர், 1957 ஆகஸ்ட் 30-ஆம் நாள் காலமானார். வயது நாற்பத்தெட்டு. சென்னை தியாகராய நகரில் அவருடைய சிலையை 1969 ஜனவரி 14-இல் திறந்துவைத்ததே அண்ணா அவர்கள் கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி. சென்னையில் பாலர் அரங்கம் என்று இருந்ததற்குப் பின்னர் கலைவாணர் அரங்கம் என்று பெயரிட்டார்கள். சிறுவர்களுக்கான அரங்கம் அவர் பெயரைப் பெற்றது எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

தோழியின் கதைக்கு வருவோம். 2016-இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி பதினான்கு வயது நிறையாதவர்களை வேலைக்கு வைக்கக்கூடாது. பதினான்கு முதல் பதினெட்டு வயது வரை உள்ளவர்களை இரவு ஏழு மணி முதல் காலை எட்டு மணி வரை வேலை வாங்கக்கூடாது. இதை ஆசிரியை சொன்னபோது வகுப்பே அமைதியானது. அப்படியானால் இரண்டு மணிக்கு வரச்சொன்னது மட்டுமல்ல, முதலில் பேசிய விடியற்கால வேலையே தவறு. நாங்கள் அதை நல்ல ஏற்பாடு என்று எண்ணிக்கொண்டிருந்தோம்.

அவளுடைய அம்மா போய்ப் பேசினார்கள். வேலை போயிற்று. இப்போது அம்மாதான் அங்கே பூக்கட்டுகிறார்கள். அவள் சனி, ஞாயிறு பகலில் வீட்டிலிருந்தே அக்கம்பக்கத்தாருக்குக் கட்டிக் கொடுக்கிறாள். வருமானம் பாதிதான். தம்பிக்கு அரையாண்டுக்கு வாங்கவேண்டிய நோட்டுகளில் இரண்டை நாங்கள் கொடுத்தோம். மறுத்துவிட்டுப் பிறகு வாங்கிக்கொண்டாள். காலாண்டுத் தேர்வில் கணக்கில் மட்டும் மதிப்பெண் குறைந்தது. ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் கிந்தனார் காலட்சேபத்தைப் பள்ளியில் திரையிட்டுக் காட்டினார்கள். முன்வரிசையில் அமர்ந்து எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவள் அவள்தான்.