சாவியைத் திருப்பினால் 'டக்': சார்லஸ் கெட்டரிங்கின் கதை

அவசரமா கிளம்பும்போதுதான் கார் நம்மைச் சோதிக்கும். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி திருப்பினால் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஸ்டார்ட் ஆகிவிடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் பத்துத் தடவையும் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகி நம்ம மானத்தை வாங்கும். ஸ்டார்ட்டர் மோட்டார் ஏன் இப்படிப் படுத்துகிறது? அதைக் காருக்குள் கொண்டுவந்தவரின் கதையிலேயே விடை இருக்கு.

சார்லஸ் கெட்டரிங், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஒரு பண்ணைக் குடும்பத்தில் 1876-ல் பிறந்தார். சின்ன வயதிலிருந்தே கண் கோளாறு; படித்தாலே தலைவலி. கொஞ்ச நாள் பள்ளிக்கூட வாத்தியார் வேலை. பிறகு ஓஹையோ ஸ்டேட் யுனிவர்சிட்டியில் சேர்ந்தார். கண் ஒத்துழைக்காமல் பாதியில் விட்டார். டெலிபோன் கம்பெனியில் லைன் போடும் வேலைக்குப் போனார். திரும்பவும் காலேஜுக்குப் போய் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் முடித்தபோது வருஷம் 1904. வயது 28-ஐ நெருங்கிவிட்டது. அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் குறித்துக்கொள்ளவும்!

டேட்டன் நகரில் கடைகளுக்கான கல்லா மெஷின் செய்யும் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனியில் வேலை கிடைத்தது. கையால் சுற்றிய கல்லாவை மோட்டாரால் இயக்க வேண்டும் என்பது அவருக்கு வந்த வேலை. நாள் முழுக்க ஓடும் மோட்டார் என்றால் பெரிதாக இருந்தாக வேண்டும். ஆனால் கல்லா ஒரு கணம்தானே வேலை செய்கிறது? சின்ன மோட்டாருக்கே அதன் சக்திக்கு மீறிய கரன்ட் கொடுத்தார். சூடாவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

பிறகு எட்வர்ட் டீட்ஸ் என்ற சக ஊழியரோடு சேர்ந்து, டீட்ஸ் வீட்டுக் கொட்டகையில் கார்களுக்கான இக்னிஷன் வேலையில் இறங்கினார். அதிலிருந்து 1909-ல் பிறந்ததுதான் டெல்கோ கம்பெனி.

அந்தக் காலத்தில் காரை ஸ்டார்ட் செய்ய முன்னால் நின்று கிராங்க் சுற்றணும். இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்தால் கை முறியும், தாடை உடையும். கேடிலாக் கம்பெனியின் ஹென்றி லேலண்ட் இதற்கு வழி தேடினார். அவருக்குத் தெரிந்த ஒருவர் கிராங்க் அடித்து இறந்ததுதான் காரணம் என்று ஒரு கதையும் உண்டு. இன்ஜினைச் சுற்றும் மோட்டார் இன்ஜின் அளவுக்கே இருக்கும் என்பது அப்போதைய பேச்சு. கெட்டரிங் கல்லாவை நினைத்துக்கொண்டார். எவ்வளவு நேரம் சுற்றணும்? சில விநாடிதானே!

1911 தொடக்கத்தில் செய்து காட்டினார். 1912 மாடல் கேடிலாக்கில் அது வந்தது. 24 வோல்ட்டில் இன்ஜினைச் சுற்றும். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் அதே மெஷின் ஜெனரேட்டராக மாறி பேட்டரியைச் சார்ஜ் செய்யும். இன்று சத்தமில்லாமல் ஸ்டார்ட் ஆகும் ஸ்கூட்டர்களிலும் இதே யோசனைதான்.

இப்ப நம்ம 'டக்'குக்கு வருவோம். சில விநாடிக்குள் அவ்வளவு வேலை நடக்கணும்னா கரன்ட் நூறு ஆம்பியருக்கு மேல் போகும். பேட்டரி டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருக்கும் படிவு வெறும் 0.01 ஓம் தடை போட்டாலும், 150 ஆம்பியரில் 1.5 வோல்ட் அங்கேயே போய்விடும். ஹெட்லைட் பளிச்னு எரியும்; மோட்டார் மட்டும் சுற்றாது. கேபிள் லேசாக அசைந்தால் மறுபடி தொடர்பு கிடைக்கும். அதனால்தான் இந்தக் கண்ணாமூச்சி.

எனவே எடுத்த எடுப்பில் புது மோட்டார் வாங்காதீங்க. பேட்டரி வோல்டேஜைப் பாருங்க. டெர்மினலையும் எர்த் ஒயரையும் சுத்தம் செய்து இறுக்குங்க. சாவியைத் திருப்பிப் பிடிக்கும்போதே மல்டிமீட்டரால் ஒவ்வொரு இணைப்பின் குறுக்கேயும் அளங்க. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டும் இடம்தான் குற்றவாளி. எல்லாம் சரி என்றால் சோலினாய்டு கான்டாக்ட். மோட்டாரை லேசாகத் தட்டினால் சுற்றுகிறதா? கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். பத்து விநாடிக்கு மேல் சாவியைத் திருப்பிப் பிடிக்காதே என்று மெக்கானிக் அண்ணன் சொல்வதும் கெட்டரிங் கணக்குதான்: நேரம் மீறினால் மோட்டார் வெந்துவிடும்.

கதை இங்கேயே முடிந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜெனரல் மோட்டார்ஸின் ஆராய்ச்சிப் பிரிவுக்கு அவர் தலைவரானார். 1921-ல் அவர் கீழே வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி, இன்ஜின் நாக்கிங்கை நிறுத்த பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலக்கலாம் என்று கண்டுபிடித்தார். ஈயம் விஷம் என்பது அப்போதே தெரிந்த விஷயம். 1924-ல் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் சிலர் செத்தே போனார்கள். கெட்டரிங் பின்வாங்கவில்லை. அந்தப் புகையைப் பல தலைமுறைக் குழந்தைகள் சுவாசித்தார்கள். இந்தியாவில் அது நின்றது 2000-ல். உலகில் கடைசியாக அல்ஜீரியாவில், 2021-ல்.

1958-ல், 82 வயதில் கெட்டரிங் இறந்தார். நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்திலும், பிளின்ட் நகரின் கெட்டரிங் யுனிவர்சிட்டியிலும் அவர் பெயர் இருக்கு.

எவ்வளவு நேரம் என்ற ஒரே கேள்வியால் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கொடுத்தவர், ஈயம் எத்தனை காலம் காற்றிலும் மண்ணிலும் தங்கும் என்று அதே கேள்வியைக் கேட்கவில்லை. நாளைக்கு நாமும் எதையாவது டிசைன் செய்யப் போகிறோம். ரெண்டு இடத்திலும் கேட்போமே நண்பர்களே.