உழைப்பாளரைப் பீடத்தில் ஏற்றிய சிற்பி

தலைநகரில் வாழும் நம் குடும்பத்தினருள், குளிர்கால விடுமுறையில் பிள்ளைகளை இந்தியா கேட் புல்வெளிக்கு அழைத்துச் செல்லாதார் அரியர். அங்கிருந்து சிறிது தொலைவு நடந்தால் ஜெய்ப்பூர் மாளிகை வரும். தேசிய நவீனக் கலைக்கூடம் அமைந்துள்ள இடம் அது. அதன் தோட்டத்தில், அரையில் கட்டிய துணியன்றி வேறு உடையற்ற நான்கு ஆடவர், பெரும்பாறை ஒன்றை நெம்பிப் பெயர்க்கும் வெண்கலச் சிற்பம் ஒன்றுண்டு. சென்னையிலிருந்து வந்தவர் அதன் முன் ஒரு கணம் திகைத்து நிற்பர். மெரினாக் கடற்கரையில் தாம் பன்முறை கண்ட உழைப்பாளர் சிலையன்றோ இது, இங்கு எங்ஙனம் வந்தது என்று வியப்பர்.

உண்மையில் தில்லியே இவ்வுழைப்பாளரை முதலில் சிறப்பித்தது. 1954ஆம் ஆண்டு மார்ச்சு 29ஆம் நாள், குடியரசுத் துணைத்தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் அவர்கள் இக்கலைக்கூடத்தைத் திறந்து வைத்தபோது, தொடக்க விழாவின் அங்கமாகச் சிற்பக் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. நாட்டின் முன்னணிச் சிற்பிகள் பலரும் கலந்துகொண்ட அக்கண்காட்சியில், உழைப்பின் வெற்றி என்னும் இப்படைப்பு பரிசு பெற்றது. சென்னைக் கடற்கரையில் இதே சிற்பம் திறக்கப்பெற்றது 1959ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள், குடியரசு நாளுக்கு முந்திய தினத்தில்தான். இதனைப் படைத்தவர் தமிழரல்லர். வங்காளத்தில் பிறந்து, தம் வாழ்வின் செழுமையான ஆண்டுகளைச் சென்னைக்கு ஈந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி.

இன்று வங்காள தேசத்தில் உள்ள ரங்கப்பூரைச் சார்ந்த தாஜ்ஹட் என்னும் ஊரில், ஜமீன் குடும்பத்தில், 1899ஆம் ஆண்டு சூன் 15ஆம் நாள் அவர் பிறந்தார். ஓவியக் கலையை அபனீந்திரநாத தாகூரிடத்தும், சிற்பக் கலையை ஹிரண்மய ராய் சௌத்ரியிடத்தும் பயின்றார். மெல்லிய நீர்வண்ணத்தில் ஒரே காலத்தில் கனவும் பனியும் தோய்ந்தாற்போல் எழுதுவது அபனீந்திரர் மரபு. மாணவரும் அவ்வண்ணம் எழுதத் தேர்ந்தவரே. எனினும் அவருடைய கைகள் வேறொன்றை நாடின. மற்போரில் பயின்றவர், வேட்டையில் விருப்புடையவர், புல்லாங்குழல் வாசிப்பவர், வங்க மொழியில் சிறுகதைகள் எழுதியவர் என்று அவரைப் பற்றிக் கூறுவர். இவற்றுள் மற்போர்ப் பயிற்சியைச் சிறு பொழுதுபோக்காக என்னால் கருத இயலவில்லை. பாரம் தாங்குங்கால் முதுகின் எந்தத் தசை புடைக்கும், எந்தக் கால் பின்வாங்கி ஊன்றும் என்பதைத் தன் உடம்பால் அறிந்தவன் கைக்கே இந்நால்வர் வசப்படுவர்.

1929ஆம் ஆண்டு அவர் சென்னைக் கலைப்பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1850இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய அப்பள்ளிக்குத் தலைவராக அமர்ந்த முதல் இந்தியர் அவரே. இதில் ஓர் அழகிய பொருத்தம் உண்டு. முன்னர்ச் சென்னைப் பள்ளியை நடத்திய ஹாவெல் என்னும் ஆங்கிலேயர், 1896இல் கல்கத்தாவுக்குச் சென்று, அங்கே அபனீந்திரநாதருக்குப் பெருந்துணையாக விளங்கினார். சென்னை அன்று கல்கத்தாவுக்கு அனுப்பியதை, கல்கத்தா ஒரு தலைமுறை கழித்து, அபனீந்திரரின் மாணவர் வடிவில் வட்டியும் முதலுமாகத் திருப்பித் தந்தது எனலாம்.

அவர் வருமுன் அப்பள்ளி பெரிதும் கைத்தொழில் கற்பிக்கும் கூடமாகவே இருந்தது. உலோக வேலையும் மரச்செதுக்கும் அங்கே சிறந்திருந்தன. ராய் சௌத்ரியோ ஓவியத்தையும் சிற்பத்தையும் முன்னிலைக்குக் கொணர்ந்தார். உயிருள்ள மனிதரை எதிரே நிறுத்தி, கண்டதைக் கண்டவாறு வரையவும் களிமண்ணில் வனையவும் மாணவரைப் பழக்கினார். நம் ஸ்தபதிகள் தாளப் பிரமாணம் வழுவாமல் தெய்வத் திருவுருவம் வார்ப்பவர்கள். அவ்வுருவங்களில் எலும்பும் நரம்பும் தெரிவதில்லை. காரைக்காலம்மையார் போன்ற சில திருமேனிகளே விலக்கு. வங்கச் சிற்பி அதற்கு எதிர்த்திசையில் நின்றார். பிரெஞ்சுச் சிற்பி ரோதான் வழியைப் பின்பற்றி, மண்ணின் மேல் மண்ணை அப்பி அப்பி உருவை வளர்த்தார். பின்னர் அது வெண்கலமானபோதும் விரல் பதிந்த கரடு மேற்பரப்பு அப்படியே நின்றது. தோல் மழமழப்பாக இல்லை. வெயிலில் உழைத்தவன் தோல் எங்ஙனம் மழமழப்பாக இருக்கும்?

நால்வர் சிலைக்கு மாதிரியாக நின்றவர்களைப் பற்றிய செய்தி சுவையானது. பள்ளியின் இரவுக் காவலர் ஒருவரும் மாணவர் ஒருவருமே அவர்கள். இருவர் உடல்களிலிருந்து நால்வர் எழுந்தனர். ஜமீன் குடும்பத்தில் பிறந்தவர், தம் பள்ளியின் வாயிலைக் காத்தவரைக் கொண்டே நாடறிந்த சிலையைச் சமைத்தார். 1923ஆம் ஆண்டு சிங்காரவேலர் இந்நாட்டின் முதல் மே தின விழாவைச் சென்னைக் கடற்கரையில் கொண்டாடியதை நாம் அறிவோம். அக்கடற்கரையிலேயே உழைப்பாளர் சிலையும் அமைந்தது. பின்னாளில் 1968ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வள்ளுவரும் ஔவையாரும் கம்பரும் பாரதியாரும் அவ்வழியே வரிசையாகப் பீடம் ஏறினர். பெயர் பெற்ற அப்பெரியோர்க்கு முன்னமே பெயரில்லாத நால்வர் அங்கு இடம் பிடித்துவிட்டனர்.

அவர் தலைவர்களின் சிலைகளையும் பல வார்த்தார். கல்கத்தாவில் சுரேந்திரநாத் பானர்ஜியும் ஆசுதோஷ் முகர்ஜியும், சென்னையிலும் கல்கத்தாவிலும் நடந்துவரும் காந்தியடிகளும் அவர் கைவண்ணமே. இவை சிறந்தவையே எனினும், என் உள்ளம் அவற்றில் அத்துணை ஈடுபடுவதில்லை. பசியால் வாடியோரையும், குளிரில் உடலைக் குறுக்கி ஒடுங்கிய எளியோரையும் அவர் வடித்த உருவங்களின் முன் நின்றால், சொல்லெழாது. 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தை மறவாதவர் செய்த சிற்பங்கள் அவை. பாட்னாவில், 1942 ஆகஸ்டு 11ஆம் நாள் தலைமைச் செயலகத்தில் கொடியேற்றச் சென்று துப்பாக்கிக் குண்டுக்கு இரையான ஏழு மாணவருக்கு அவர் எழுப்பிய நினைவுச்சின்னம் 1956இல் திறக்கப்பட்டது. ஒருவர் சாய, மற்றவர் முன்னேற, கொடி மட்டும் தாழாது செல்லும் காட்சி அது.

விருதுகளுக்குக் குறைவில்லை. 1954இல் லலித கலா அகாதெமியின் முதல் தலைவரானார். 1958இல் பத்மபூஷண் பெற்றார். மாணவர் செல்வமோ அதனினும் பெரிது. சிற்பி தனபாலும், ஓவியர்கள் பணிக்கரும் பரிதோஷ் சென்னும், சிற்பி பிரதோஷ் தாஸ்குப்தாவும் அவரிடம் பயின்றவர்கள். 1957இல் அவருக்குப்பின் பள்ளியின் தலைமை ஏற்ற பணிக்கர், ஆசிரியர் காட்டிய உருவ நெறியை விட்டு விலகிக் குறியீடும் எழுத்தும் கலந்த புதுவழி கண்டார். உருவத்தை உள்ளவாறு வடிப்பது பழைமை என்று இளைஞர் கருதத் தொடங்கிய காலம் அது. முதியவர் தம் வழியை மாற்றிக்கொள்ளவில்லை.

தண்டி யாத்திரையைக் குறித்து அவர் தொடங்கிய பெருஞ்சிற்பம் நிறைவுறுமுன்னரே, 1975ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் மறைந்தார். பின்னர் நிறைவு செய்யப்பெற்று, தில்லியில் சர்தார் பட்டேல் சாலையும் அன்னை தெரசா பிறைச்சாலையும் கூடுமிடத்தில் அது நிறுவப்பட்டது. கோலூன்றி முன்செல்லும் அண்ணலும் பின்தொடரும் பதின்மரும் கொண்ட அதனை ஊரார் கியாரா மூர்த்தி என்றே அழைக்கின்றனர். 2016இல் செல்லாதாக்கப்பட்ட பழைய ஐந்நூறு ரூபாய்த் தாளின் பின்புறத்திலும் அக்காட்சியே இருந்தது. படைத்தவர் யார் என்றறியாமலே நாம் அனைவரும் அதனைச் சட்டைப்பையில் வைத்துத் திரிந்தோம்.

ஜெய்ப்பூர் மாளிகைக் கலைக்கூடம் திங்கட்கிழமைகளில் திறப்பதில்லை. பிள்ளைகளோடு செல்லும் அன்பர்கள் வேறு நாளைத் தேர்ந்துகொண்டு, தோட்டத்துச் சிலையை ஒருமுறை பின்புறமாகவும் சுற்றி வந்து காண்பாராக. பாறைமேல் அழுந்தும் அம்முதுகுகளின் வலிமை அங்கிருந்தே நன்கு தெரியும்.