தொப்பி இல்லாத காந்தி

காந்தி குல்லாய் என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அந்தக் குல்லாயோடு காந்தியை நம்மில் யாருக்கும் நினைவில்லை. ரூபாய் நோட்டைப் பாருங்கள், வெறுந்தலை. எந்த ஊர் நாற்சந்திச் சிலையைப் பாருங்கள், அங்கேயும் வெறுந்தலைதான். தன் பெயரில் ஒரு தொப்பியை நாடு முழுவதும் போட வைத்துவிட்டுத் தான் மட்டும் கழற்றி வைத்துவிட்டவர் அவர்.

மலருக்குப் பெரியோர் ஒருவர் வாழ்க்கையைப் பற்றி எழுத வேண்டும் என்று கேட்டார்கள். காந்தியைப் பற்றி எழுதப் புதுசா என்ன இருக்கு என்று நண்பர்கள் நினைக்கலாம். முழு வாழ்க்கையையும் நான் சொல்லப் போவதில்லை. அவர் தலையில் இருந்ததை மட்டும் சொல்கிறேன். எங்கே போட்டார், எங்கே கழற்ற மறுத்தார், எங்கே தானே கழற்றினார் என்று பார்த்தாலே பாதி வாழ்க்கை வந்துவிடும்.

1869 அக்டோபர் 2 அன்று போர்பந்தரில் பிறந்தார். கத்தியவாட்டில் கௌரவமான ஆண்பிள்ளை தலையில் ஒன்றும் இல்லாமல் வெளியே போவது அந்தக் காலத்தில் மரியாதைக் குறைவு. 1888இல் பாரிஸ்டர் படிக்க லண்டன் போனதும் நிலைமை தலைகீழ். 19 ஷில்லிங் கொடுத்து உயரமான புகைபோக்கித் தொப்பி ஒன்று வாங்கினார். பாண்ட் தெருவில் 10 பவுண்டுக்கு மாலை உடை தைத்துக்கொண்டார். தொப்பியை மாட்டும்போதும் எடுக்கும்போதும் கலைந்த முடியைச் சரிசெய்யக் கை தானாகவே தலைக்குப் போகும் என்று பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே எழுதினார். இங்கிலாந்தில் அந்தக் கை ஓயாமல் வேலை செய்தாக வேண்டும். தெருவில் தெரிந்த பெண்மணி எதிரே வந்தால் தொப்பியை உயர்த்த வேண்டும். வீடு, தேவாலயம், நீதிமன்றம் எதற்குள் போனாலும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் பக்கத்து இலக்கணம் வேறு. இங்கே கழற்ற வேண்டியது செருப்பு. தலைப்பாகை இருக்க வேண்டியது தலையில். அந்தக் கால வக்கீல், தாசில்தார், கல்லூரிப் பேராசிரியர் என்று யார் போட்டோவை எடுத்தாலும் தலைப்பாகை இருக்கும். சபைக்கு வரும்போது கட்டிக்கொண்டு வருவதுதான் மரியாதை. அதைக் கழற்றச் சொன்னால் அவமானம். வெள்ளைக்காரன் ஊரில் கழற்றாவிட்டால்தான் அவமானம். இரண்டும் மோதினால் என்ன ஆகும்?

டர்பனில் மோதியது. 1893 மே மாதம் தாதா அப்துல்லா கம்பெனியின் வழக்குக்காகக் காந்தி நேட்டால் போய் இறங்கினார். இரண்டு மூன்று நாளில் அப்துல்லா சேட் அவரை நீதிமன்றத்துக்குக் கூட்டிப் போனார். நீளமான கோட்டு, தலையில் வங்காளப் பாணித் தலைப்பாகை. மாஜிஸ்திரேட் ரொம்ப நேரம் முறைத்துப் பார்த்தார். கடைசியில் தலைப்பாகையை எடுக்கச் சொன்னார். காந்தி எடுக்கவில்லை. எழுந்து வெளியே நடந்துவிட்டார். அப்போது வயது 23.

வெளியே வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. முஸ்லிம் உடையில் இருப்பவர்கள் தலைப்பாகையோடு இருக்கலாம், மற்ற இந்தியர்கள் உள்ளே வந்தால் கழற்ற வேண்டும் என்பது அங்கே வழக்கம். அதனால் முஸ்லிம் வியாபாரிகள் தங்களை அரபுகள் என்று சொல்லிக்கொண்டார்கள். பார்சி குமாஸ்தாக்கள் பாரசீகர் ஆனார்கள். ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம் தமிழ், தெலுங்கு ஜனங்களுக்குச் சொல்லிக்கொள்ள வேறு தேசம் இல்லை. அவர்கள் கூலிகள், அல்லது சாமிகள். ராமசாமி, முத்துசாமி என்று பெயர்கள் முடிவதால் வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் அது. சாமி என்றால் எஜமான் என்பது தெரியாமலே கேலியாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் பாவம்!

காந்திக்கு ஒரு யோசனை வந்தது. தலைப்பாகைதானே தகராறு, பேசாமல் ஆங்கிலத் தொப்பி போட்டுவிட்டால் என்ன? அப்துல்லா சேட் தடுத்தார். நீங்கள் தொப்பிக்கு மாறினால் தலைப்பாகைக்காகப் பிடிவாதமாக நிற்கிறவர்கள் கதி என்ன என்பது அவர் கேள்வி. அதோடு, அங்கே ஆங்கிலத் தொப்பி போட்ட இந்தியரைப் பார்த்தால் ஓட்டல் சர்வர் என்றுதான் நினைப்பார்கள் என்றும் சொன்னார். கிறிஸ்தவர்களாகிவிட்ட ஒப்பந்தக் கூலிகளின் பிள்ளைகள் பலர் ஆங்கில உடையில் ஓட்டல்களில் பரிமாறிக்கொண்டிருந்த காலம் அது. முதல் காரணத்தைக் காந்தி ஏற்றுக்கொண்டார். இரண்டாவதில் இருந்த இளக்காரம் அவருக்குப் பிடிக்கவில்லை. நடந்ததைப் பத்திரிகைக்கு எழுதிப்போட்டார். வேண்டாத விருந்தாளி என்று பத்திரிகைகள் திட்டின. வந்த நாலைந்து நாளில் ஊருக்கே அவர் பெயர் தெரிந்துவிட்டது.

அடுத்த வருஷம் நடந்ததைப் பலர் சொல்வதில்லை. 1894 செப்டம்பரில் நேட்டால் உச்ச நீதிமன்றத்தில் வக்கீலாகப் பதிந்துகொண்டார். வெள்ளைக்கார வக்கீல் சங்கம் எதிர்த்தும் நீதிமன்றம் அனுமதித்தது. பிரமாணம் முடிந்ததும் தலைமை நீதிபதி, இங்கே தொழில் செய்யும் வக்கீல்களுக்கு உள்ள உடை விதிப்படி தலைப்பாகையை எடுக்கச் சொன்னார். காந்தி எடுத்துவிட்டார். அப்துல்லா சேட்டுக்கும் நண்பர்களுக்கும் ரொம்ப வருத்தம். காந்தியின் கணக்கு வேறு. மாஜிஸ்திரேட் கேட்டது இந்தியன் என்பதற்காக. இங்கே கேட்பது வக்கீல்கள் எல்லோருக்கும் பொதுவான விதி. இதற்காகச் சக்தியைச் செலவழிக்க வேண்டாம், பெரிய சண்டைகள் காத்திருக்கின்றன என்று நினைத்தார். அந்த வித்தியாசத்தை 24 வயதில் பார்த்ததுதான் எனக்கு ஆச்சரியம். சுயமரியாதை என்று கிளம்பினால் நமக்கெல்லாம் எங்கே நிறுத்துவது என்றே தெரியாது.

இனி வருகிறவர் நம்ம ஆள். காந்தி தொழில் தொடங்கி மூன்று நான்கு மாதம்கூட ஆகவில்லை. பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளி அலுவலகத்துக்குள் வந்தார். கிழிந்த உடை, முன்பற்கள் இரண்டு உடைந்து வாயெல்லாம் ரத்தம், உடம்பு நடுங்குகிறது. எஜமான் அடித்த அடி அது. தலையில் கட்டியிருந்த துண்டு கையில் இருந்தது.

அந்தத் துண்டு ஏன் கையில் இருந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளி ஒரு வெள்ளைக்காரரைப் பார்க்கப் போனால் தொப்பியோ தலைப்பாகையோ சுற்றிய துண்டோ எதுவானாலும் கழற்றிவிட வேண்டும். இரண்டு கையாலும் கும்பிட்டால் மட்டும் போதாது. அதே மரியாதையைக் கோட்டுப் போட்ட இந்திய வக்கீலுக்கும் காட்ட வேண்டும் என்று பாலசுந்தரம் நினைத்துவிட்டார். அடி வாங்கி, பல் உடைந்து, உயிர் பயத்தில் ஓடி வந்தபோதும் வாசலில் துண்டைக் கழற்ற மறக்கவில்லை.

காந்திக்கு அப்படி ஒருவர் தன் முன்னால் நின்றதே கூச்சமாகிவிட்டது. முதலில் துண்டைத் தலையில் கட்டச் சொன்னார். பாலசுந்தரம் தயங்கித் தயங்கித்தான் கட்டினார். ஆனால் கட்டும்போது அந்த முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்ததைக் காந்தி கவனித்தார். பல வருஷம் கழித்துச் சுயசரிதையிலும் அதை எழுதிவைத்தார். அடுத்த மனிதனைத் தாழ்த்தி வைப்பதில் சிலருக்கு எப்படித்தான் கௌரவம் கிடைக்கிறது என்பது கடைசிவரை அவருக்குப் புரியாத புதிராகவே இருந்தது.

மற்றதெல்லாம் வக்கீல் வேலை. காந்தியிடம் இருந்த தமிழ்க் குமாஸ்தா பேச்சை மொழிபெயர்த்தார். வெள்ளைக்கார டாக்டரிடம் காயத்துக்குச் சான்றிதழ் வாங்கி மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். ஒப்பந்தக் கூலி வேலையை விட்டு ஓடினால் அது கிரிமினல் குற்றம், ஜெயில். அதனால் எஜமானைத் தண்டிப்பதைவிட பாலசுந்தரத்தை விடுவிப்பதுதான் முக்கியம் என்று முடிவு செய்து, வேறொரு வெள்ளைக்காரரிடம் ஒப்பந்தத்தை மாற்றிக் கொடுத்தார் காந்தி. சேதி தோட்டங்களுக்குப் பரவியது. தொழிலாளிகள் வரிசையாக வர ஆரம்பித்தார்கள். சென்னை மாகாணம் வரைக்கும் அந்தக் கதை வந்து சேர்ந்தது. தமிழ் படிக்க வேண்டும் என்று காந்திக்கு ஆசை வந்ததும் இந்த ஜனங்களால்தான். கப்பல் டாக்டர் ஒருவர் கொடுத்த புத்தகத்தை வைத்துக்கொண்டு தானாகவே முயற்சி செய்தார். சரளமாக வரவில்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

பாலசுந்தரம் அந்தப் பழக்கத்தை நேட்டாலில்தான் கற்றார் என்று எனக்குத் தோன்றவில்லை. தோளில் கிடக்கும் துண்டை இறக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு பண்ணையார் முன்னால் நிற்பதை நம் தாமிரபரணிச் சீமைப் பெரியவர்கள் இன்னும் கதையாகச் சொல்வார்கள். தலைப்பாகை மரியாதை என்று மேலே எழுதினேனே, அது சபையில் உட்கார இடம் உள்ளவர்களுக்கு. வயலில் நிற்கிறவருக்கு எடுப்பதுதான் மரியாதை. ஒரே ஊர், இரண்டு இலக்கணம்.

படித்து முடித்து சைட்டுக்குப் போன நம் ஜூனியர்கள் இதை இன்றைக்கும் பார்க்கலாம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கட்டடத்தில் ரவுண்ட்ஸ் போவேன். என் அப்பா வயதுள்ள கொத்தனார் ஒருத்தர் என்னைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பார். மேலே சாரத்தில் ஆள் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறான், செங்கல் போகிறது. போட்டுக்கோங்க அண்ணாச்சி என்று தினமும் சொல்லிக்கொண்டே இருந்தேன். மாசக்கணக்கில் ஆச்சு அந்தக் கை இறங்க. தலையைக் காப்பாற்ற வைத்த பொருளைக்கூட மரியாதைக்காகக் கழற்றுகிற பழக்கம் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது பாருங்கள்.

சரி, டர்பனுக்குத் திரும்புவோம். 1897 ஜனவரி 13 அன்று, குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு கப்பலில் திரும்பி வந்த காந்தியை வெள்ளைக்காரக் கும்பல் சூழ்ந்தது. கல், அழுகிய முட்டை எல்லாம் பறந்தன. ஒருவன் தலைப்பாகையைத் தட்டிப் பறித்தான், மற்றவர்கள் அடித்தும் உதைத்தும் தள்ளினார்கள். போலீஸ் சூப்பிரண்டு அலெக்சாண்டரின் மனைவி குடையை விரித்துக் குறுக்கே வந்திராவிட்டால் அன்றே கதை முடிந்திருக்கும். இரவில் தங்கியிருந்த வீட்டையும் கும்பல் சுற்றி வளைத்தது. இந்தியக் கான்ஸ்டபிள் வேஷத்தில் தப்பினார் காந்தி. தலையில் ஓர் உலோகத் தட்டை வைத்து, அதன்மேல் மதராஸ் அங்கவஸ்திரம் ஒன்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். அதுதான் ஹெல்மெட்! தலைப்பாகை பறிபோன அன்று அவர் உயிரைக் காத்ததில் நம் பக்கத்துத் துணிக்கும் பங்கு உண்டு. அடித்தவர்கள்மீது வழக்குப் போட அவர் சம்மதிக்கவில்லை.

1915இல் இந்தியா திரும்பும்போது கத்தியவாட்டுத் தலைப்பாகையோடு வந்தார். அதற்குப் பல கெஜம் துணி வேண்டும். பிறகுதான் அந்த வெள்ளைக் கதர்க் குல்லாய் வந்தது. துணி கொஞ்சம், மடித்துப் பையில் வைக்கலாம், அழுக்கானால் துவைக்கலாம், சாதி மதம் பார்த்துக் கட்டு மாறாது. ஒத்துழையாமைக் காலத்தில் பல அலுவலகங்களில் அதற்குத் தடை போட்டார்கள். கழற்ற மாட்டேன் என்று வேலையை இழந்தவர்கள் உண்டு. டர்பனில் ஒருவர் செய்ததை இங்கே ஆயிரக்கணக்கானவர்கள் செய்தார்கள்.

நாடு குல்லாய் போட ஆரம்பித்த அதே சமயத்தில் அவர் கழற்றிவிட்டார். 1921 செப்டம்பரில் சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் வந்தபோது கூட வந்தவர்களிடம் கதர் கட்டச் சொன்னார். கதர் வாங்க எங்களுக்கு வசதி ஏது என்றார்கள். தான் குல்லாய், சட்டை, முழு வேட்டி என்று உட்கார்ந்திருப்பது அவரை உறுத்தியது. செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதி வீட்டில் முடிவெடுத்தார். மேல்சட்டையும் குல்லாயும் போயின, முழங்கால் வரைக்கும் ஒரு துண்டு மட்டும் மிஞ்சியது. முதலில் அக்டோபர் 31 வரைக்கும் என்றுதான் சொன்னார். 1931இல் லண்டனில் மன்னர் அரண்மனைக்குப் போனபோதும் அதே கோலம்தான். கழற்றுவதற்குத் தலையில் ஒன்றும் இல்லை.

1934 ஜனவரியில் அரிஜன யாத்திரையில் நம் பக்கம் வந்தார், குற்றாலத்துக்கும் வந்தார். அருவிக்குப் போக ஏற்பாடு இருந்தது. அரிஜனங்கள் அங்கே குளிக்க முடியுமா என்று பார்த்தபோது, போகிற வழி கோயிலை ஒட்டி இருப்பதால் அவர்களுக்கு அனுமதி இல்லை என்று தெரியவந்தது. அவர் குளிக்கவில்லை. அருவியில் யாரும் தலையில் எதையும் வைத்துக்கொண்டு நிற்க முடியாது, எல்லார் தலைமேலும் ஒரே தண்ணீர்தான் விழும். அங்கேயும் சிலருக்கு இடம் இல்லை என்றால் தனக்கும் வேண்டாம் என்று அப்படியே திரும்பிவிட்டார்.

மதுரை மீனாட்சி கோயிலையும் அவர் அப்படித்தான் வெளியிலிருந்தே பார்த்து வந்தார். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் அரிஜனங்களை அழைத்துக்கொண்டு உள்ளே போனார். காந்தி 1946 பிப்ரவரியில்தான் வந்து கும்பிட்டார். அதற்கு அடுத்த இரண்டாவது வருஷம், ஜனவரி 30 அன்று, டெல்லியில் பிரார்த்தனைக்கு நடந்து போகும்போது சுடப்பட்டு இறந்தார்.