மரைக்கு மரை பொருந்த வைத்தவர்

ஒரு பெரிய மனிதரின் கதையைச் சொல்ல வந்தேன். அதற்கு முன்னாடி நான் செய்த தப்பை ஒத்துக்கிறேன்.

லீவு நாட்களில் செஞ்சியில் ஒரு பைக் பட்டறையில் வேலை செய்கிறேன். போன கோடையில், ஒரு வண்டிக்கு முன்பக்க டிஸ்க் பிரேக் ஹோஸ் மாற்றச் சொன்னார் பட்டறை அண்ணன். ஹோஸைப் பிடிக்கும் பேஞ்சோ போல்ட்டின் தலை தேய்ந்திருந்தது. டப்பாவில் இருந்து வேறொன்று எடுத்து வெர்னியரில் வைத்துப் பார்த்தேன். ரெண்டும் 10 மி.மீ. போல்ட்தான். மாட்டினேன். ரெண்டு சுற்று போய் இறுகியது. ஸ்பானர் போட்டு அழுத்தினேன். காலிப்பரின் அலுமினிய மரை அழிஞ்சே போச்சு! கழற்றிய போல்ட்டின் பிட்ச் 1.25 மி.மீ., நான் போட்டது 1.00. அண்ணன் லீவரை அழுத்திப் பார்த்ததால் ஆயில் கசிவது தெரிந்தது. சாயங்காலம் வண்டிக்காரர் மனைவி, கைக்குழந்தையோடு வந்து நின்றார். எனக்குக் கை நடுங்கியது.

அன்று ராத்திரி மெஷின் டிராயிங் புத்தகத்தைப் புரட்டினேன். விட்வொர்த் மரை, கோணம் 55 டிகிரி. பரீட்சைக்கு மனப்பாடம் செய்த அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர் இருப்பது அப்போதுதான் உறைத்தது.

ஜோசப் விட்வொர்த் 1803 டிசம்பர் 21 அன்று இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டில் பிறந்தார். 14 வயதில் மாமாவின் பருத்தி ஆலையில் தொழில் பழகச் சேர்த்தார்கள். அவருக்கோ ஆலையை விட அதன் இயந்திரங்கள் மேல்தான் ஆசை. மான்செஸ்டருக்குப் போய் மெக்கானிக் ஆனார். பிறகு லண்டனில் புகழ்பெற்ற மாட்ஸ்லேயின் பட்டறையில் வேலை பார்த்தார். 1833-ல் மான்செஸ்டரில் சொந்தப் பட்டறை போட்டார்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒவ்வொரு மரை. ஒரு ஊர் போல்ட் அடுத்த ஊர் நட்டில் ஏறாது. விட்வொர்த் என்ன செய்தார்? தன் மரைதான் உசத்தி என்று அடம் பிடிக்கவில்லை. நாடு முழுக்க இருந்த பட்டறைகளின் போல்ட்டுகளைச் சேகரித்து, அளந்து, சராசரி எடுத்தார். இந்த விட்டத்துக்கு இத்தனை மரை, கோணம் எல்லாவற்றுக்கும் 55 டிகிரி என்று 1841-ல் அறிவித்தார். ரயில்வே கம்பெனிகள் ஏற்றுக்கொண்டன. கிரீமியப் போரின்போது பீரங்கிப் படகு எஞ்சின்களின் பாகங்களைப் பல பட்டறைகள் தனித்தனியாகச் செய்தும், கொண்டுவந்து பூட்டினால் பொருந்தின!

ஒரு அங்குலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைக் காட்டும் அளவுக் கருவியையும் அவர் செய்தார். 1868-ல் ஏழைத் தொழிலாளியும் போட்டியிடக்கூடிய உதவித்தொகையைத் தொடங்கினார். ஆண்டுக்கு 100 பவுண்டு வீதம் 30 பேருக்கு! அவர் பெயரில் அது இன்றும் தரப்படுகிறது. 1887 ஜனவரி 22 அன்று மான்டி கார்லோவில் காலமானார்.

பின்னாளில் 60 டிகிரி மில்லிமீட்டர் மரை உலகமெங்கும் பரவியது. ஆனால் நம்ம வீட்டுத் தண்ணீர்க் குழாயில் இன்னும் அவருடைய 55 டிகிரிதான். பழைய புல்லட்டிலும் இங்கிலாந்து மரைகள் பல உண்டு.

நண்பர்களே! விட்டம் ஒன்றாக இருந்தால் போதாது. பிட்ச் கேஜை மரையில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள், இடைவெளி தெரியக் கூடாது. அமெரிக்க 3/8 அங்குல போல்ட்டின் விட்டம் 9.525 மி.மீ. அங்குலத்துக்கு 24 மரை உள்ளது, 10 மி.மீ., பிட்ச் 1.00 ஓட்டையில் லொடலொடவென்று ஏறிவிடும். பிடிக்காது. ஏறாத போல்ட்டை விட ஏறி ஏமாற்றும் போல்ட் ஆபத்தானது! காப்பர் வாஷரையும் ஒவ்வொரு முறையும் புதுசாகப் போடுங்கள்.

எங்கப்பா மல்லாட்டைக் கொல்லையில் கூலி வேலை செய்பவர். எங்க வீட்டில் புத்தகம் தூக்கிய முதல் ஆள் நான். மனப்பாடம் செய்ததைக் கையில் பிடித்துப் பார்க்க ஒரு காலிப்பர் பலியானது. புதுசு வாங்கிய காசை அண்ணன் என் கூலியில் பிடிக்கவில்லை. ஒரு பிட்ச் கேஜ் வாங்கித் தந்தார். இப்போது அது எப்பவும் என் சட்டைப் பையில் இருக்கிறது.

— இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு மாணவன், செஞ்சி